கால்பந்து உலகக் கோப்பையை வளரும் நாடு நடத்தலாமா? நேரில் கண்டதை எழுதுங்கள்

தோட்டப்பாளையம் விடுதிக்காரர்:

மொராக்கோவில் 2025 செப்டம்பர் இறுதியில் இளைஞர்கள் வீதிக்கு வந்து, அரங்கம் கட்டுகிறீர்களே, மருத்துவமனை எங்கே என்று கேட்ட செய்தியைப் படித்ததிலிருந்து ஒருவருடைய முகம் என் நினைவை விட்டு அகலவில்லை. அந்த நாடு ஸ்பெயினோடும் போர்ச்சுகலோடும் சேர்ந்து 2030 உலகக் கோப்பையை நடத்தப் போவது இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

கத்தார் உலகக் கோப்பையின் இறுதிப் போட்டி நடந்த 2022 டிசம்பர் 18 அன்று எங்கள் விடுதியில் பெரும்பாலான அறைகளில் வங்கதேசத்துக்காரர்கள் தங்கியிருந்தார்கள். அவர்கள் ஏன் வேலூருக்கு வருகிறார்கள் என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குல்னா பக்கத்திலிருந்து வந்த ஒரு பாய், இரண்டு பிகா வயலை விற்று மகளின் இதய அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டியிருந்தார். அந்தப் பெண் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள், இவர் அர்ஜென்டினா சட்டையோடு வரவேற்பறைத் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஆட்டம் 3–3 என்று நின்ற நேரத்தில் பிரான்ஸின் கோலோ முவானி தனியாக வந்து அடித்த பந்தை அர்ஜென்டினா கோல்காப்பாளர் மார்ட்டினெஸ் காலை நீட்டித் தடுத்தபோது, பாய் என் முழங்கையைப் பிடித்த பிடி மறுநாள் வரை வலித்தது. அவருடைய மற்றொரு கையில் நோயாளியைப் பார்க்கப் போகும் அனுமதிச் சீட்டு கசங்கிப் போயிருந்தது.

கோப்பையைக் கொடுத்து முடித்ததும், இது டாக்காவில் நடந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளியில் கேட்டேன். நடக்கட்டும், நான் நடந்தே போய்ப் பார்ப்பேன் என்றார். இரவு ஒரு மணிக்குக் கணக்கை முடித்துக்கொண்டிருந்த என்னிடம் இறங்கி வந்து, தாம் சொன்னது தவறு என்றும், டாக்காவில் அது நடக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். இரண்டு பதில்களையும் அவர் மனமறிந்தே சொன்னார். எனக்கு எந்தப் பதில் சரி என்று இன்றுவரை தெரியாததால்தான் உங்களைக் கேட்கிறேன்.

பேர்ணாம்பட்டு, கத்தாரிலிருந்து திரும்பியவன்:

ஐயா, நீங்கள் சொல்லும் அதே இரவில் நான் தோகாவின் ஏசியன் டவுனில், எங்களைப் போன்ற தொழிலாளர்களுக்காகக் கிரிக்கெட் மைதானத்தில் வைத்திருந்த பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். போட்டி நடந்த லுசைல் அரங்கில் நான் பதினான்கு மாதம் கம்பி கட்டியவன். ஏறத்தாழ 89,000 பேர் அமரும் அரங்கம் அது. கூடுதல் நேரத்தில் கேமரா மேல் அடுக்கின் பக்கம் திரும்பியது, இரண்டு நொடிதான் இருக்கும், அந்தப் படிக்கட்டின் வளைவை நான் கண்டுகொண்டேன். அது நம் படி என்று கத்தியபடி பக்கத்திலிருந்த நேபாளி நண்பனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான். எங்கள் அறையில் இருந்த அவனுடைய ஊர்க்காரன் 2019 ஆகஸ்டில் ஒரு நாள் இரவு படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. முப்பத்தொரு வயது. இயற்கை மரணம் என்று தாளில் எழுதிப் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். அந்தப் படிக்கட்டின் கம்பியில் பாதி அவன் கட்டியது.

நான் போனது 2018இல். அப்போது ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 31 வரை, பகல் 11.30 மணியிலிருந்து 3 மணி வரைதான் வெயிலில் வேலை செய்யத் தடை இருந்தது. 2021இல் அதை ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து 3.30 வரை என்று நீட்டினார்கள். மாதம் 1,000 ரியால் என்ற குறைந்தபட்சக் கூலியும் அந்த ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. போட்டி வருகிறது என்று உலகமே அந்த நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் இவை கிடைத்தன என்று நான் நம்புகிறேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அம்மாவின் நகையை அடகு வைத்து முகவரிடம் நான் கொடுத்த 1,30,000 ரூபாய்க்கான கடனை அடைக்க இரண்டு ஆண்டு ஆயிற்று. நம் நாட்டில் உலகக் கோப்பை நடந்தால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கம்பி கட்டப் போகிறவர்களுக்கும் இதே கதைதானா என்பதே என் கேள்வி.

காட்பாடி, இடது விங் ஆட்டக்காரன்:

பேர்ணாம்பட்டு அண்ணன் பட்டதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் கத்தாரை இந்தக் கேள்விக்குள் கொண்டுவருவது பொருந்தாது என்று நினைக்கிறேன். அது தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு, எட்டு அரங்கங்களைத் தயார் செய்வது அதன் கருவூலத்துக்குச் சுமையே இல்லை. அங்கே நடந்தது பணமில்லாத குறையால் நடந்ததும் இல்லை. ஏழை நாடு தன் பணத்தைப் போட்டு நடத்தலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

நான் பார்த்தது 2017, கொச்சி, பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை. இரவு காட்பாடியில் ஆலப்புழா எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் எர்ணாகுளத்தில் இறங்கி, நான்கு நாள் முன்புதான் அந்தத் தடத்தில் ஓடத் தொடங்கியிருந்த மெட்ரோவில் அரங்கம் இருக்கும் கலூர் போனோம். அக்டோபர் 7, பிரேசில்–ஸ்பெயின். அரங்கத்தின் அடியில் இருந்த கடைகளையெல்லாம் போட்டிக்காக மூடச் சொல்லிவிட்டார்கள், வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது தடுப்புக்கு அப்பால் நின்ற ஒருவர், தாம் அந்தக் கடைகளில் ஒன்றில் வேலை செய்பவர் என்று சொல்லி, சாலையில் நின்று மூன்று முறை கூரை அதிர்ந்ததைக் கேட்டதாகவும், மூன்றுமே பிரேசில் அடித்ததா என்றும் விசாரித்தார். முதல் கோல் ஸ்பெயினுடையது, பிறகு பிரேசில் இரண்டு என்று சொன்னேன். சட்டைக்குள் மஞ்சள் பனியன் போட்டிருந்தார். தினமும் காலையில் அந்தக் கட்டடத்தின் பூட்டைத் திறந்தவருக்கு அன்று சாலைதான் இடம் என்று எண்ணும்போது இன்னும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆனாலும் அந்தப் போட்டி சரியான போட்டி என்றே சொல்வேன். டெல்லி, கொல்கத்தா, நவி மும்பை, கொச்சி, குவாஹாட்டி, மட்காவ் என்று ஆறு ஊர்களிலும் ஏற்கெனவே இருந்த அரங்கங்களைச் சீர்படுத்தித்தான் நடத்தினார்கள். மொத்தம் 13,47,133 பேர் வந்து பார்த்தார்கள், இளையோர் உலகக் கோப்பைகளில் அதற்கு முன் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டிய கோலைப் பார்த்த பிறகு எங்கள் தெருச் சிறுவர்கள் கார்னர் பந்தை மட்டுமே ஒரு மாதம் பழகினார்கள். வயலை விற்காமல் நடத்தக்கூடிய உலகக் கோப்பையும் உண்டு என்று அந்த பாயிடம் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை, தோல் வேதியியல்:

உலகக் கோப்பை நடந்த 2010 ஜூனில் வேலை நிமித்தம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்தேன். சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பாட்டி வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். 1860க்குப் பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனவர்களில் நம் வட ஆற்காட்டினர் ஏராளம். அவருடைய பாட்டனாரின் தாளிலும் மாவட்டம் என்ற இடத்தில் வட ஆற்காடு என்றே இருந்தது. பாட்டிக்குத் தமிழ் பேச வராது. முருகா என்ற சொல் மட்டும் சுத்தமாக வந்தது.

ரசிகர்களுக்குப் பெருந்திரை வைத்திருந்த கடற்கரைக்கு அவர்தான் என்னைக் கூட்டிப் போனார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழங்கால் நீரில் நின்று, கரையில் ஓரிடத்தைக் காட்டி, வெள்ளையருக்கு மட்டும் என்ற பலகை அங்கேதான் இருந்தது என்றார். நிறவெறி ஆட்சிக் காலத்தில் அந்த மணலில் கால் வைத்ததற்காகத் தம் தம்பியைக் காவலர்கள் இழுத்துப் போனதைப் பார்த்தவர் அவர். நாங்கள் போன அன்று எல்லா நிறத்தவரும் அதே மணலில் வுவுசெலா ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிடத்துக்கு என்ன விலை போடுவது?

அதே வாரம் அவருடைய பேரன் கண் சிவந்து வீட்டுக்கு வந்தான். ஜூன் 13 அன்று ஜெர்மனி ஆஸ்திரேலியாவை 4–0 என்று வென்ற ஆட்டத்தில் அவன் அரங்கக் காவல் பணியாளன். சொன்ன கூலிக்கும் உறையில் இருந்த கூலிக்கும் இருந்த வித்தியாசத்தைக் கேட்டுக் கூடியவர்கள் மேல் காவலர்கள் கண்ணீர்ப்புகை வீசினார்கள். 50,000 பேருக்கு மேல் அமரும் ரக்பி அரங்கம் அருகிலேயே இருந்தும் புதிதாக மோசஸ் மபிடா அரங்கத்தைக் கட்டிய ஊர் அது. அரங்கத்துக்குப் பணம் இருந்தது, வாயிலில் நின்ற பையனுக்குக் கூலி கொடுக்க இல்லை. பாட்டி அவன் கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, நாளைக்கும் கடற்கரைக்குப் போகலாமா என்று என்னைக் கேட்டார். போனோம்.

குடியாத்தம், ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்:

என் அனுபவம் சிறியது. எங்கள் ஊர் மைதானத்தைப் பொருட்காட்சிக்கு விட்டு, கூடார முளைகளைப் பிடுங்கிய குழிகளை மூடாமலே போனார்கள். மறுவாரம் என் மாணவன் ஒருவன் பந்தைத் துரத்தி ஓடி அதில் கால் வைத்துக் கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டான். அவன் பிறகு ஆடவே இல்லை. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

இதைக் கொண்டு நான் சொல்ல விரும்புவது, விழா முடிந்த மறுநாள் மைதானத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று முதலில் கேளுங்கள் என்பதே. 1986 உலகக் கோப்பை முதலில் கொலம்பியாவுக்குத்தான் கிடைத்தது. அணிகள் 16இலிருந்து 24 ஆகி, கேட்கப்பட்ட அரங்கங்களும் வசதிகளும் பெருகியபோது, குடியரசுத் தலைவர் பெத்தான்கூர் 1982இல் எங்களால் இயலாது என்று வெளிப்படையாக மறுத்தார். அந்த நாட்டின் மானம் அதனால் போய்விடவில்லை. 1970இல் நடத்திய அரங்கங்களை வைத்திருந்த மெக்சிகோ அதை ஏற்றது. 1985 செப்டம்பரில் பெரும் நிலநடுக்கம் வந்த பிறகும் அங்கே போட்டி நடந்ததற்கு அரங்கங்கள் சேதமடையாமல் நின்றது முக்கியக் காரணம்.

பிரேசிலோ 2014க்குப் பன்னிரண்டு அரங்கங்களைத் தயார் செய்தது. அமேசான் காட்டு நகரமான மனாவுஸில் 40,000 பேருக்கு மேல் அமரும் அரங்கம் கட்டி நான்கு ஆட்டங்கள் நடத்தினார்கள், முதல் பிரிவில் ஆடும் அணி ஒன்றுகூட அந்த ஊரில் இல்லை. தலைநகர் பிரசிலியாவின் அரங்க வளாகம் பின்னர் பேருந்து நிறுத்தும் இடமாயிற்று. 2013இல் பேருந்துக் கட்டணம் 20 சென்டாவோ உயர்ந்ததில் தொடங்கிய கிளர்ச்சியில், உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா கேட்கும் தரத்தில் மருத்துவமனையும் பள்ளியும் கொடுங்கள் என்று மக்கள் பதாகை பிடித்தார்கள். அவர்கள் கால்பந்தை வெறுப்பவர்கள் அல்லர். ஒளிபரப்பு உரிமையிலும் விளம்பரத்திலும் வரும் பெரும்பணம் ஃபிஃபாவுக்குப் போக, அரங்கம், சாலை, காவல் ஆகிய செலவு நடத்தும் நாட்டின் தலையில் விழும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கொச்சியைப் பற்றி எழுதிய தம்பிக்கு ஒன்று. அதே பிரேசிலின் சால்வடார் நகரில் அரங்கத்தைச் சுற்றித் தெரு வியாபாரம் கூடாது என்றபோது, அகராஜே என்னும் பயற்று வடை சுடும் பெண்கள் போராடி, அரங்க வளாகத்திலேயே விற்கும் அனுமதியைப் பெற்றார்கள். ஆகவே கேட்டால் கிடைக்கும், ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன்பே கேட்க வேண்டும். பேர்ணாம்பட்டுத் தம்பி, இனி உங்கள் வீட்டிலிருந்து யாராவது வெளிநாடு போவதானால் முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள், கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

பேர்ணாம்பட்டு, கத்தாரிலிருந்து திரும்பியவன்:

ஆசிரியர் ஐயா, ரசீது கேட்டிருந்தால் என்னை அனுப்பியிருக்க மாட்டார்கள். காட்பாடித் தம்பிக்கு: கத்தார் பணக்கார நாடுதான், ஆனால் அந்த அரங்கத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் ஏழை நாட்டுக்காரர்கள். அந்தக் கணக்கில் நாம் ஏற்கெனவே ஒரு உலகக் கோப்பையை நடத்திவிட்டோம்.

தோட்டப்பாளையம் விடுதிக்காரர்:

எல்லோரும் எழுதியதைச் சுருக்கிக் குரல் செய்தியாக அந்த பாய்க்கு அனுப்பினேன். மகள் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாளாம். மறுபரிசோதனைக்கு வர வேண்டும், வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்த 2024 ஆகஸ்டுக்குப் பிறகு மருத்துவ விசா கிடைப்பது கடினமாகிவிட்டதால் காத்திருக்கிறார். டர்பன் பாட்டி கடலில் நின்றதை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு, அடுத்த முறை வந்தால் அதே அறை கிடைக்குமா, வரவேற்பறைத் தொலைக்காட்சி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.