ராத்திரி முழுக்கத் துணி டயப்பர்: தாங்குமா, தாங்காதா?

வேளச்சேரி அம்மா:
பையனுக்கு 8 மாதம், எடை 8 கிலோ. பகலில் துணி டயப்பர்தான், ஒரு சிக்கலும் இல்லை. ராத்திரி 9 மணிக்குக் கட்டிப் படுக்க வைத்தால் 3 மணிக்கெல்லாம் முதுகு வரைக்கும் நனைந்து எழுந்துவிடுகிறான். பாக்கெட் வகை, அதாவது வெளி உறைக்கும் உள்துணிக்கும் நடுவில் பை மாதிரி இடம் இருக்கும்; அதற்குள்ளே மைக்ரோஃபைபர் என்கிற செயற்கை இழைப் பேட் ஒன்று. இரண்டு பேட் வைத்தும் பார்த்தாகிவிட்டது, அப்போதும் தொடை ஓரமாக ஒழுகுகிறது. ராத்திரிக்கு மட்டும் கடை டயப்பர் போடு என்கிறார் வீட்டுக்காரர். எதையும் போடாதே, லங்கோடு கட்டு என்கிறார் மாமியார். துணியிலேயே ராத்திரியை ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். ஐப்பசி மழை வேறு, துவைத்தது எதுவும் காய மாட்டேன் என்கிறது.

தூங்காத அப்பா:
நான் உங்கள் வீட்டுக்காரர் கட்சி. துணி ஈரத்தை நூலுக்கு நடுவில் வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். குழந்தை புரண்டு படுத்து எடை விழுந்ததும் வாங்கினதைக் கக்கிவிடும். கடை டயப்பருக்குள் இருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட் என்கிற பொடி. தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை இழுத்து ஜெல் ஆக்கிவிடும், அமுக்கினாலும் லேசில் திரும்பி வராது. இதற்கு ஈடாக எந்தப் பருத்தியும் நிற்காது. பகலெல்லாம் துணி கட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? ராத்திரிக்கு ஒன்றே ஒன்று கடையில் வாங்கினது. 3 மணிக்கு விரிப்பு மாற்றி, சட்டை மாற்றி, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டு ஹாலில் நடக்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பவானிக்காரி:
சகோ சொல்கிற வேதியியல் சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியில்லை.

வேளச்சேரி அம்மா, ஒழுகினதும் பேடை வெளியே எடுத்துப் பாருங்கள். நுனி முதல் நுனி வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் கொள்ளளவு போதவில்லை என்று அர்த்தம். பாதி பேட் காய்ந்தே இருந்து, ஓரம் மட்டும் ஒழுகியிருந்தால் கட்டினதில் இடைவெளி. இரண்டுக்கும் மருந்து வேறு. அதைப் பார்க்காமல் பேட் மேல் பேட் சொருகுவதால்தான் பாதிப் பேர் துணியே ஆகாது என்று ஓடுகிறார்கள்.

குழந்தைக்குக் கிலோவுக்கு மணிக்குச் சுமார் 2 மில்லி சிறுநீர் போகும். 8 கிலோ, 10 மணி நேரம் என்றால் 160 மில்லி. நடுவில் பால் குடித்தால் இன்னும் கூடும். கிட்டத்தட்ட ஒரு டம்ளர். இதைத் தாங்காத சமாச்சாரம் இல்லை துணி. ஆனால் மைக்ரோஃபைபர் மட்டும் வைத்துத் தாங்க வைக்க முடியாது. அது வேகமாக உறிஞ்சும், அமுக்கினால் விட்டுவிடும். பருத்தி, ஹெம்ப் (சணல் மாதிரி ஒரு செடியின் நார்) இரண்டும் மெதுவாக வாங்கும், வாங்கினதை லேசில் விடாது. அதனால் குழந்தை பக்கம் மைக்ரோஃபைபர், அதற்கு அடியில் பருத்தியோ ஹெம்ப்போ. இரண்டும் பாக்கெட்டுக்குள்ளேயே இருக்கட்டும், மைக்ரோஃபைபரை நேராகத் தோலில் படவிடாதீர்கள்.

உங்களுக்கு இரண்டு பேட் வைத்தும் ஒழுகினதற்குக் காரணம் எனக்குத் தெரிந்து கனம்தான். இரண்டு மைக்ரோஃபைபர் சேர்ந்து தடித்துப்போய்த் தொடை எலாஸ்டிக்கைத் தள்ளிவிட்டிருக்கும். எலாஸ்டிக் தொடையின் சதை மேல் இருக்கக்கூடாது, தொடை இடுக்கில் உட்காரவேண்டும், ஜட்டியின் ஓரம் எங்கே இருக்குமோ அங்கே. உள்துணியின் நுனி ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூடப் போதும், அது வழியாகவே பேண்ட் நனைந்துவிடும்.

தூங்காத அப்பா:
"பருத்தியோ ஹெம்ப்போ". நல்லது. ஐப்பசியில் ஒரு ஹெம்ப் பேட் காய எத்தனை நாள் ஆகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பல அடுக்காகத் தைத்தது, நடு அடுக்கு ஈரமாகவே கிடந்து நாறும். வேளச்சேரியில் மழை என்றால் என்ன என்று பவானியில் இருந்து தெரியாது அக்கா. துணியா காய்கிறது, வீடே மிதக்கும்.

பவானிக்காரி:
அடுக்காகத் தைத்தது காயாது, ஒத்துக்கொள்கிறேன். தைக்காத துணி காயுமே! எங்கள் ஊர்ப் பக்கம் ஈரிழைத் துண்டு என்று கேட்டால் கிடைக்கும், இரட்டை நூலில் நெய்த பருத்தித் துண்டு. தலை துவட்டினவர்களுக்குத் தெரியும் அது எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று. அதை விரித்து நீளவாக்கில் மூன்றாக மடியுங்கள். பிறகு மேல் நுனியில் இருந்து மூன்றில் ஒரு பங்கை முன்பக்கம் வரும்படி மடக்குங்கள். பையன் என்பதால் தொப்புளுக்குக் கீழே கனம் வேண்டும், முதுகுப் பக்கம் ஒற்றை மடிப்பே போதும். பெண் குழந்தை என்றால் கனம் நடுவில். காலையில் அலசி உதறி விரித்துவிட்டால் வீட்டுக்குள் ஃபேன் காற்றிலேயே காய்ந்துவிடும், ஏனென்றால் விரித்தால் அது வெறும் ஒற்றைத் துணி. தைத்த பேட் ஒன்று வாங்கும் காசுக்குத் துண்டு இரண்டு மூன்று வாங்கலாம்.

செங்கோட்டை ஆச்சி:
எல்லாரும் பெரிய படிப்பு படித்த மாதிரி பேசுகிறீர்கள். பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்துக் கட்டினோம், அதைத்தானே அம்மா இப்போது துண்டு என்கிறாய்? தூளியில் கிடக்கிற பிள்ளைக்கு அதுவும் கிடையாது, நனைந்தால் சேலை வழியாகக் கீழே வடிந்துவிடும். பிள்ளை சிணுங்கும், எழுந்து மாற்றிவிட்டுப் பால் கொடுத்தால் திரும்பத் தூங்கும். பத்து மணி நேரம் மாற்றாமல் இருக்க வழி தேடுவதே எனக்குப் பிடிக்கவில்லை. மூத்திரத்தில் ஊறின தோல் வெந்துபோகாதா?

தூங்காத அப்பா:
ஆச்சி, உங்கள் காலத்தில் வீட்டில் நாலு பெண்கள் இருந்தார்கள், முறை வைத்து எழுந்தார்கள். இங்கே நானும் அவளும்தான், இரண்டு பேருக்கும் காலையில் ஆபீஸ்.

செங்கோட்டை ஆச்சி:
நாலு பேர் இருந்தால் என்ன தம்பி, எழுந்தது ஒருத்திதான்.

வார்டு நர்ஸ்:
குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன், அதனால் குறுக்கே வருகிறேன். மெத்தை நனையாமல் இருப்பது ஒன்று, குழந்தையின் தோல் நனையாமல் இருப்பது இன்னொன்று. பவானிக்காரி அக்காவும் அப்பா சகோவும் பெரும்பாலும் மெத்தையைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஆச்சி தோலைப் பற்றிப் பேசுகிறார். பருத்தித் துணி தோலை ஒட்டியபடி இருந்தால், டயப்பர் ஒரு சொட்டு ஒழுகாவிட்டாலும் குழந்தை ராத்திரி முழுக்க ஈரத்தில்தான் கிடக்கும். பாக்கெட் டயப்பரின் உட்புறம் ஃப்ளீஸ் மாதிரி, ஈரத்தைப் பிடித்து வைக்காத செயற்கைத் துணி என்றால் ஈரம் கீழே இறங்கிவிடும், தோலில் படுவது ஓரளவு காய்ந்தே இருக்கும். அதனால் துண்டைப் பாக்கெட்டுக்குள் வையுங்கள், மேலே வைக்காதீர்கள்.

வெறும் சிறுநீருக்காகத் தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டியதில்லை, தோல் நன்றாக இருக்கிற வரைக்கும். மலம் போனால் அப்படி இல்லை, உடனே மாற்றியே ஆகவேண்டும். அதில் இருக்கிற நொதிகளும் சிறுநீரும் சேர்ந்தால் தோல் வேகமாகப் புண்ணாகும். கடை டயப்பர் போட்டாலும் இதே கதைதான், அந்த ஜெல் மலத்தை ஒன்றும் செய்யாது.

சிவந்திருந்தால் சிங்க் ஆக்சைடு களிம்பு போடலாம். ஆனால் துணி டயப்பரில் அது ஒட்டினால் அந்த இடம் ஈரத்தை வாங்காது, நடுவில் ஒரு மெல்லிய துணியைப் போட்டுவிடுங்கள். பவுடர் கொட்ட வேண்டாம், மூச்சில் போகும். தொடை மடிப்புக்குள் அடர் சிவப்பாக, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளியோடு வந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். எண்ணெய் தடவிக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
லண்டனில் இருந்து எழுதுகிறேன். இரவுக்குப் பாக்கெட் நாப்பியை (டயப்பரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) விட, முழுக்கத் துணியாலே தைத்த நாப்பியும் அதற்கு மேலே கம்பளி உறையும்தான் நல்லது என்று இங்கே கன பேர் சொல்வார்கள், நானும் அதைத்தான் பாவித்தேன். கம்பளி தன் எடையில் 30 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை வாங்கினாலும் கைக்கு ஈரமாகத் தெரியாது, காற்றும் போய்வரும். ஆட்டு ரோமத்தில் இருக்கிற லேனலின் கொழுப்பைத் திரும்ப ஏற்றினால் தண்ணீரும் ஒட்டாது.

வேளச்சேரி அம்மா:
அக்கா, சென்னையில் கம்பளியா? இங்கே மழை பெய்தாலும் புழுக்கம்தான், இவனுக்கு இப்போதே கழுத்தில் வேர்க்குரு.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
பிளாஸ்டிக் பூச்சு உறையை விடக் கம்பளியில் வேர்வை குறைவு என்று நான் வாதாடுவேன், ஆனால் உங்கள் ஊர் வெயிலில் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தது இல்லை. விடுங்கள். தம்பி ஒரு விசயத்தைத் தொடவில்லை, குப்பை.

தூங்காத அப்பா:
தொடுகிறேன். துணி துவைக்கத் தண்ணீர் வேண்டாமா, மின்சாரம் வேண்டாமா? உங்கள் பிரிட்டனிலேயே அரசு சுற்றுச்சூழல் அமைப்பு 2008 இல் கணக்குப் போட்டு, இரண்டரை வருடத்துக்குக் கடை டயப்பருக்குச் சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்சைடு, துணிக்குச் சுமார் 570 கிலோ என்றது. துணிதான் கூட!

ஈஸ்ட்ஹாம் அக்கா:
அதே அறிக்கையை மீதியும் வாசியுங்கள் தம்பி. மெஷினை நிரப்பித் தோய்த்து, வெளியில் கொடியில் காயப்போட்டு, இரண்டாவது பிள்ளைக்கும் அதையே பாவித்தால் துணியின் கணக்கு 40 விழுக்காடு குறையும் என்றும் அதில் இருக்கிறது. இங்கே பல வீட்டில் டிரையர் ஓடும், அதுதான் கூட்டிவிடுவது. உங்களிடம் டிரையர் எத்தனை வீட்டில் இருக்கிறது?

பவானிக்காரி:
வேளச்சேரியில் இருந்து பெருங்குடிக் குப்பைமேடு எவ்வளவு தூரம் என்றும் சகோவிடம் கேளுங்கள். டயப்பரைத் தனியாகச் சுற்றிக் கொடுக்கவேண்டும் என்று 2016 இல் வந்த திடக்கழிவு விதியிலேயே சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவில் பாலிதீன் பையில் போட்டு வாய்க்காலில் எறிகிறார்கள்.

தூங்காத அப்பா:
நாளுக்கு ஒன்று என்றுதான் சொல்கிறேன், ஏழெட்டு இல்லை. வாய்க்காலில் எறிகிறவனை என் கணக்கில் எழுதாதீர்கள்.

வேளச்சேரி அம்மா:
குப்பைச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். பவானிக்காரி அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி எடுத்துப் பார்த்தேன். பேடின் முன்பாதி நனைந்திருக்கிறது, பின்பாதி பெரும்பாலும் காய்ந்தே இருக்கிறது. நனைந்த இடத்திலும் விரலால் அமுக்கினால் தண்ணீர் மேலேயே நிற்கிறது. காலையில் கண் எரிகிற மாதிரி ஒரு நெடி வேறு. வீட்டில் போர் தண்ணீர்தான், நல்ல உப்பு.

பவானிக்காரி:
அப்படியென்றால் உங்கள் பேட் கெட்டுக் கிடக்கிறது. காய்ந்த பேட் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உள்ளே இறங்காமல் முத்தாக நின்றால் பேடில் படிவு ஏறியிருக்கிறது. உப்புத் தண்ணீரில் சோப்புக் கட்டி போட்டுத் துவைத்தால் வெள்ளையாகப் படிந்துவிடும். வாசனைக்கு ஊற்றுகிற சாஃப்ட்னரும் இதே வேலையைச் செய்யும், அதை நிறுத்துங்கள். லாரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்துச் சூடாக்கி, சோப்பு இல்லாமல் நாலைந்து முறை அலசுங்கள், நுரை வருவது நிற்கும் வரை. அந்த நெடி அம்மோனியா. ராத்திரி டயப்பரை எழுந்தவுடன் தண்ணீரில் அலசிவிட்டால் பாதி குறையும், மூடின வாளியில் சாயங்காலம் வரை போட்டு வைத்தால் கூடும்.

வார்டு நர்ஸ்:
சேர்த்துக்கொள்கிறேன். டெட்டால் ஊற்றி ஊறப்போடும் பழக்கம் பல வீட்டில் இருக்கிறது, சரியாக அலசாவிட்டால் அதுவே தோலில் எரியும். வெயில் வருகிற அன்றைக்கு நன்றாகக் காயப்போட்டாலே போதும், கறையும் போகும்.

வேளச்சேரி அம்மா:
சரி. ஈரிழைத் துண்டு இரண்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். வந்தவுடன் வைத்துக் கட்டலாமா?

பவானிக்காரி:
கூடாது. புதுத் துண்டில் நெசவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும், பஞ்சில் இயற்கையாக உள்ள மெழுகும் இருக்கும். சுடுதண்ணீரில் ஐந்தாறு முறை துவைத்துக் காய்ந்த பிறகுதான் முழுசாக உறிஞ்சும். முதல் நாளே கட்டிவிட்டு ஒழுகுகிறது என்று என்னைத் திட்டாதீர்கள்.

தூங்காத அப்பா:
ஐந்தாறு முறை. இந்த மழையில். அதுவரை பையன் எதில் தூங்குவான்?

பவானிக்காரி:
அதுவரை உங்கள் கடை டயப்பரைப் போட்டுக்கொள்ளட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை.

செங்கோட்டை ஆச்சி:
எதற்கு? அந்த வீட்டில் ஒரு பழைய வேட்டி கூடவா இல்லை? அதற்குக் கஞ்சியெல்லாம் எப்போதோ போயிருக்கும்.