புளூடூத்தில் நாலு சாமான்தான், ஏன் ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடுகிறது?

யாங்கோன்_வாத்தியார்:
வணக்கம். யாங்கோனில் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாததால் எல்லாமே பேட்டரியில் ஓடுகிற சாமான், ஒரு லேப்டாப், அதோடு புளூடூத்தில் கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர், மைக் வைத்த ஹெட்செட். நெட்டுக்குப் போன் ஹாட்ஸ்பாட். உயிரெழுத்துப் பாட்டு போட்டால் 'ஐ' சொன்னதும் சத்தம் போய் 'ஔ'வில்தான் திரும்புகிறது. பின்வரிசைப் பிள்ளைகள் ஒ, ஓ இரண்டையும் விட்டுவிட்டே படிக்கப் பழகிவிட்டார்கள், மனசு கேட்கவில்லை. ஏழு வரை இணைக்கலாம் என்கிறார்களே?

பெகு_ரிப்பேர்:
அண்ணே, ஏழு என்பது முகவரிக் கணக்கு, அதாவது ஒவ்வொரு சாமானுக்கும் கொடுக்கிற அடையாள எண். 3 பிட்டில் (0 அல்லது 1 என்று மூன்று இடத்தில்) எட்டு எண் வரும், பூஜ்யம் எல்லோருக்கும் பொதுவாக அனுப்ப, மிச்சம் ஏழு. ஏழும் நன்றாக ஓடும் என்று அதற்கு அர்த்தமில்லை. காற்றில் இருப்பது ஒரே பாதை, அதை 625 மைக்ரோசெகண்ட் துண்டுகளாக வெட்டி லேப்டாப்தான் முறை வைத்துக் கொடுக்கிறது. கீபோர்டும் மவுஸும் துளிதான் எடுக்கும். ஸ்டீரியோ பாட்டு நல்ல தரத்தில் நொடிக்குச் சுமார் 328 கிலோபிட் கேட்கும். மைக்கைத் திறந்தால்தான் வினை, பேச்சுக்கென்று இடம் முன்கூட்டியே ஒதுக்கப்படும், பழைய வகை ஒன்றில் ஆறு துண்டுக்கு இரண்டு போய்விடும். பாட்டு ஓடும்போது ஹெட்செட்டைத் துண்டித்துப் பாருங்கள். அப்புறம் ஹாட்ஸ்பாட் 2.4 கிகாஹெர்ட்ஸா? புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் 79 சேனலில் தாவித் தாவி ஓடுகிறது, வைஃபை அதில் 20 சேனல் அளவுக்கு அடைத்துக்கொள்ளும். நிறைய லேப்டாப்பில் இரண்டுக்கும் ஒரே சிப்பு வேறு.

மோல்மேன்_அக்கா:
தம்பி சொன்னது சரி. போனில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் யுஎஸ்பி கேபிளில் நெட் எடுங்கள். யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் பக்கத்தில் இருந்தால் தள்ளி வையுங்கள், அதுவும் 2.4இல் இரைச்சல் போடும். இரண்டாவது ஸ்பீக்கர் வாங்கும் யோசனை இருந்தால் கேபிள் துளை உள்ளதாகப் பாருங்கள், கம்பியில் போகிற சத்தத்துக்குக் காற்றில் இடமே வேண்டாம்.

யாங்கோன்_வாத்தியார்:
இன்று ஹெட்செட்டை மட்டும் துண்டித்தேன், கொஞ்சம் தேவலை, ஆனாலும் இரண்டு தடவை விட்டது. போனைக் கேபிளில் மாட்டி வைஃபையை அணைத்த பிறகு பாட்டு முழுசாக ஓடியது. ஒ, ஓ இரண்டும் வந்தன. பின்வரிசையில் ஒரு பெண், "சார், இது புதுப் பாட்டா?" என்று கேட்டாள்.