மறு: 'பார்ட்டிசன்ஷிப்': கட்சிச் சார்பா, கட்சிகட்டலா?

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டைப் பற்றி எழுதும்போது 'பார்ட்டிசன்ஷிப்' (கட்சி பிரிந்து நின்று செயல்படுவது) என்பதற்குத் தமிழில் எந்தச் சொல் என்ற பேச்சில் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்:

> அமெரிக்க செனட்டின் நீதிபதி நியமன விசாரணைகளைப் பற்றி எழுத, 'கட்சிச் சார்பு' போதாதா?

போதாது, ஐயா. நீதிபதியிடம் இருக்கக் கூடாத குணத்துக்குத்தான் 'சார்பு' என்று ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறோம். செனட்டர்கள் செய்வதற்கும் அதுவே என்றால், 'சார்பில்லாத நீதிபதியைச் சார்போடு எதிர்த்தார்கள்' என்றெல்லாம் எழுத நேரும்.

நீதிபதியின் சார்பும் செனட்டின் கட்சிப் பிளவும் வேறு என்பதற்கு வாக்குக் கணக்கே சான்று. 1986இல் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட ஸ்காலியாவுக்கு ஆதரவு–எதிர்ப்பு 98–0. 1993இல் கின்ஸ்பர்க்குக்கு 96–3. ஒருவர் வலது, மற்றவர் இடது. அது ஊரறிந்த செய்தி. ஆனாலும் செனட் பிளந்து நிற்கவில்லை. 2020இல் பாரெட்டுக்கு 52–48. ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒரு வாக்குக்கூட இல்லை. இடையில் மாறியது செனட்.

என் பரிந்துரை 'கட்சிகட்டல்'. 'கட்சி கட்டிக்கொண்டு வாதாடுகிறார்கள்' என்பது நம் வழக்குதான். மன்மதன் எரிந்தானா இல்லையா என்று இரு அணிகள் எதிரெதிராகப் பாடும் லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து பாடுவார்களே, கொடியும் சின்னமும் இல்லாத அந்தக் 'கட்சி'தான் இங்கே பொருந்துகிறது. சார்பு மனநிலை, கட்சிகட்டல் செயல்.

2016 மார்ச்சில் ஒபாமா முன்மொழிந்த கார்லண்டுக்கு ஓர் அமர்வுகூட நடக்கவில்லை. தேர்தல் ஆண்டு, மக்கள் முடிவு செய்யட்டும் என்றார் செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மெக்கானல். அவரே 2020இல், தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு பாரெட்டை நிறைவேற்றிக் கொடுத்தார். இம்முறை அதிபரும் செனட்டும் ஒரே கட்சி, ஆகவே நிலைமை வேறு என்பது அவர் தரப்பு. எனக்கு அது சப்பைக்கட்டாகவே படுகிறது. கார்லண்டின் தகுதியைச் செனட் எடைபோடவே இல்லை; அதைச் 'சார்பு' என்று எப்படிச் சொல்வது?

இதே காரணத்தால் 'ஃபேர்னஸ்' என்பதற்கு 'நடுநிலை'யும் இங்கே ஒட்டாது. கட்சிச் சீட்டில் வென்று வந்தவரிடம் நடுநிலை கேட்க முடியாது. இரு தரப்புக்கும் ஒரே விதி என்று கேட்கலாம். 'ஒருநெறி' சரிவருமா?

இனி 'ஹியரிங்', அதாவது முன்மொழியப்பட்டவரைச் செனட் குழு கேள்வி கேட்கும் கூட்டம். 'விசாரணை' என்றதும் குற்றவாளிக் கூண்டு நினைவுக்கு வருகிறது. அரசியல் சட்டம் செனட்டுக்குத் தருவது அறிவுரையும் இசைவும் வழங்கும் உரிமை; ஆகவே 'இசைவு அமர்வு' எனலாம். நீதிபதியாக முன்மொழியப்பட்ட கவனா மீதான பாலியல் புகாரைக் கேட்க 2018 செப்டம்பர் 27 அன்று கூடியதை மட்டும் 'விசாரணை' என்பதில் எனக்கு மறுப்பில்லை. 'நாமினி'யை (முன்மொழியப்பட்டவரை) 'வேட்பாளர்' என்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

'கட்சிகட்டல்' என்றால் புதுக் கட்சி தொடங்குவதாக யாரேனும் படித்துவிடுவார்களோ என்ற ஐயம் எனக்கும் உண்டு. 'அணிகட்டல்' அதைத் தீர்க்கும். ஆனால் 'கட்சி' என்ற சொல்லே போய்விடுகிறது. செய்தித்தாளில் தலைப்பு எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.