திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர் பயிலரங்கு: எங்கே சிக்கும்?

கேள்வி: பனியன் கம்பெனி ஆட்கள், கட்டட ஆட்கள் கலந்து 60 பேர். அரசு நலத்திட்டங்கள்ல இவங்களைப் பதிய வைக்க, சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து பயிலரங்கு நடத்துறோம். எதைக் கவனிக்கணும்?

பதில் 1: முதல்ல ஆட்களைப் பிரிங்க. சம்பளத்துல பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறவங்களுக்கு இ-ஷ்ரம் (அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசுப் பதிவு) கிடையாது. மத்தவங்களுக்கு 16–59 வயசு. ஓ.டி.பி.தான் கழுத்தறுக்கும், ஆதார்ல இருக்கிறது செத்துப்போன பழைய சிம். பொதுச் சேவை மையத்துல (சி.எஸ்.சி.) கைரேகை வெச்சு முடிக்கலாம்.

பதில் 2: கட்டடத் தொழிலாளர் நலவாரியத்துல பதிய வயசு 18–60. கடைசி 12 மாசத்துல 90 நாள் வேலை பார்த்திருக்கணும். மேஸ்திரிகளையும் கூப்பிடுங்க, இல்லைன்னா வேலைச் சான்றுக்கு அலையணும்.

பதில் 3: ரேஷனை விட்டுட்டீங்களே! சொந்த ஊர் ரேஷன் கார்டை வெச்சே இங்கயும் வாங்கலாம், ஆனா அந்தக் கார்டுல தொழிலாளியோட ஆதார் இணைக்கலைன்னா இங்க மிஷின் ஏத்துக்காது. குடும்பம் ஊர்ல வாங்கினது போக மீதியை இங்க வாங்கலாம். இதை இந்தியில சொல்லுங்க சார்.