'மதென்ரோ' என்ற சொல்லை எங்கே சொல்லலாம்?

டோக்கியோ, ஒசாகா பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்களேன். ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படிக்கிறேன். உயரமான கட்டடம் 'கோசோ பிரு'. முன்னால் 'சோ' சேர்த்தால் இன்னும் உயரம். 1968-இல் கட்டி முடித்த டோக்கியோவின் 36 மாடி கசுமிகசேகி கட்டடத்தை 'சோகோசோ பிரு' என்றுதான் எழுதுகிறார்கள். மிக உயரமான அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் 'தவாமன்'. இதுவரை சரி.

வானளாவிய கட்டடத்தைக் குறிக்கும் 'மதென்ரோ'தான் பிடிபடவில்லை. 'மதென்' என்றால் வானை உரசுவது, 'ரோ' என்றால் மாடம். எவ்வளவு அழகான சொல்! ஆனால் நியூயார்க் பற்றிய கட்டுரைகளிலும் பாட்டு வரிகளிலும்தான் கண்ணில் படுகிறது. டோக்கியோவில் உயரமான கட்டடங்கள் நிறைந்த நிஷி ஷின்ஜுகுவில் நின்று வழி கேட்கும்போது இதைச் சொன்னால் செயற்கையாக இருக்குமா? அலுவலகப் பேச்சில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இயல்பாக வரும் ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.