வெட்டிவேர்ப் பை: புதுப்பிப்பு

போன மாதம், பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைக்க வெட்டிவேர்ப் பைகள் தைத்ததாகவும், பத்தே நாளில் பூஞ்சை வாடை வந்ததாகவும் எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. மண் போக வேரைக் கழுவியவள் ஒரே நாள் உலர்த்திவிட்டுக் கட்டியிருக்கிறேன். வெளியே காய்ந்தாலும் சுருளின் நடுவே ஈரம் இருந்திருக்கிறது.

இந்த முறை புது வேர். விரல்நீளத்துக்கு நறுக்கி, காற்றோட்டமான நிழலில் ஐந்து நாள். வளைத்தால் படக்கென்று ஒடிந்த பிறகுதான் பைக்குள் போட்டேன். நன்றாகக் காய்ந்த வேர் மணத்தை அடக்கிக்கொள்ளும், தண்ணீர் பட்டால்தான் பொங்கும். வெட்டிவேர்த் தட்டியை நனைத்து வெயில் காலத்தில் தொங்கவிடுவோமே, அதே சங்கதி. பீரோவில் நனைக்க முடியாதே! அதனால் காய்ந்த மரிக்கொழுந்து ஒரு பிடி, இடித்த கிராம்பு நாலு சேர்த்தேன். மரிக்கொழுந்துதான் கதவைத் திறந்ததும் முதலில் வருகிறது, அவ்வளவு அழகு.

துணி, அப்பாவின் பழைய பருத்தி வேட்டி, இரண்டு மடிப்பாக. அத்தர் சொட்டு விடவே இல்லை; எண்ணெய்க் கறை பட்டில் ஏறினால் போகாது. பையும் ஜரிகையில் படாமல் தட்டின் ஓரத்தில்தான் இருக்கிறது.

மூன்று வாரம் ஆகிறது, பூஞ்சை வாடை துளியும் இல்லை.