வெளிநாட்டுல ஹெல்த் வாலண்டியர், எந்த ஊருன்னு இன்னும் சொல்லல... இந்த நேரத்துல என்ன பண்ணலாம்?

நிலாமுற்றம்:
வணக்கம் மக்களே. நான் நர்ஸ். வார்டு வேலைய விட்டுட்டு ரெண்டு வருஷ ஹெல்த் வாலண்டியர் ப்ரோக்ராம்ல சேர்ந்து இப்போ வெளிநாட்டுல ட்ரெய்னிங்ல இருக்கேன், மலேரியா இருக்கற நாடு. காலைல மொழி க்ளாஸ், மதியம் ஹெல்த் செஷன், ராத்திரி ஒரு குடும்பத்தோட தங்கல், எல்லாம் நல்லாத்தான் போகுது. ஆனா எந்த கிராமத்துக்கு அனுப்பப் போறாங்கன்னு மட்டும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க. முதல்ல ஒரு தேதி சொன்னாங்க, அது தள்ளிப்போச்சு, இப்போ கேட்டா "சைட் ரெடியாகல"ன்னு ஒரே பதில். கூட வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு ஊர் தெரிஞ்சாச்சு, அவங்க மேப்ப விரிச்சு வெச்சுப் பேசறப்போ எனக்கு நெஞ்ச அடைக்குது. அம்மா போன் பண்றப்பல்லாம் எந்த ஊரு, கரண்ட் இருக்கா, பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கான்னு கேக்கறாங்க, எனக்கே தெரியாதத நான் என்னன்னு சொல்ல.

அடுத்த வாரம் ப்ளேஸ்மென்ட் பாக்கற ஆபீசரோட இன்டர்வியூ. அதுல என்ன கேக்கலாம்? ஹெல்த் சென்டர் உள்ள ஊரா குடுங்கன்னு கேட்டா தப்பா நினைப்பாங்களா? எனக்கு தினமும் தைராய்டு மாத்திரை உண்டு, அத திரும்ப எடுத்துச் சொன்னா உள்கிராமம் குடுக்க மாட்டாங்களோன்னும் பயமா இருக்கு, எனக்கு உள்ள போகணும்னுதான் ஆசை. அப்புறம் இந்த காத்திருக்கற நேரத்துல எதப் படிக்கறது? போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_வாலண்டியர்:
சகோதரி, சைட் ரெடியாகலன்னா அது உங்க மேல உள்ள குறை இல்ல, முதல்ல அந்த எண்ணத்த விடுங்க. நான் பீஸ் கோர்ல, அதான் அமெரிக்க அரசோட வாலண்டியர் அமைப்புல இருந்தவன், அங்க மூணு மாசம் ட்ரெய்னிங், அப்புறம் ரெண்டு வருஷம் ஊர்ல. ஒரு ஊர முடிவு பண்றதுக்கு முன்னாடி எவ்ளோ வேலை இருக்குன்னு வெளிய தெரியாது. அந்த ஊர்க்காரங்களே ஆள் வேணும்னு கேட்டிருக்கணும், பூட்டு போடற மாதிரி கதவும் ஒழுகாத கூரையும் உள்ள வீடு வேணும், தண்ணி எங்கேர்ந்து வரும்னு பாக்கணும், உங்களோட சேர்ந்து வேலை பாக்க உள்ளூர் ஆள் ஒருத்தர் சம்மதிக்கணும், மழைக்காலத்துல ரோடு அறுந்துபோனா உடம்பு சரியில்லாத உங்கள எப்படி வெளிய கொண்டு வர்றதுன்னு கூட யோசிக்கணும். இதுல ஒண்ணு இழுத்தாலும் உங்க தேதி தள்ளும். அவசரப்பட்டு அரைகுறையா ரெடியான ஊருக்குப் போறத விட ட்ரெய்னிங்ல கொஞ்ச நாள் கூட இருக்கறது எவ்வளவோ மேல்.

தைராய்டு விஷயத்த கண்டிப்பா சொல்லுங்க. இன்சுலின் மாதிரி ஃப்ரிட்ஜ் கேக்கற மருந்து இல்லையே அது, வெயிலும் ஈரமும் படாம வெச்சா போதும். அவங்க பாக்க வேண்டியது ரெண்டுதான்: மாத்திரை உங்க கைக்கு எப்படி வந்து சேரும், டிஎஸ்ஹெச், அதான் தைராய்டு ரத்தப் பரிசோதனை பாக்க எந்த லேபுக்கு போவீங்க. அத வெச்சு உள்கிராமம் கிடையாதுன்னு சொல்லணும்னு அவசியமில்ல, ஆனா மறைச்சுட்டு போய் மாத்திரை தீர்ந்துச்சுன்னா நடுவுல திருப்பி அனுப்பற நிலைமை வரும்.

வார்டு_சிஸ்டர்:
நானும் நர்ஸ்தான்மா, அதனால உரிமையோட சொல்றேன். பெரிய புஸ்தகத்தையெல்லாம் மூடி வைங்க. கம்யூனிட்டி ஹெல்த்னு போனா நீங்க ஊசி போடப் போறதில்ல, ட்ரிப் ஏத்தப் போறதில்ல, பெரும்பாலான ப்ரோக்ராம்ல அதுக்கு அனுமதியே கிடையாது. வார்டுல பழகின கைக்கு அதுதான் ரொம்ப கஷ்டம், கண்ணு முன்னாடி குழந்தை சோர்ந்து கிடக்கும், நீங்க செய்ய வேண்டியது அது ஆபத்தான அறிகுறின்னு அம்மாவுக்குப் புரிய வெச்சு ஹெல்த் போஸ்டுக்கு, அதான் ஊர்ல உள்ள சின்ன சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போறது.

கைப்பழக்கம் வேணும்னா, குழந்தைக்கு ஊட்டச்சத்து குறைவா இருக்கான்னு பாக்க புஜம் அளக்கற டேப் ஒண்ணு வாங்கி பழகுங்க. ஆறு மாசம் முடிஞ்சதுலேர்ந்து அஞ்சு வயசுக்குள்ள உள்ள குழந்தைக்கு இடது கை, தோள் எலும்பு நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவுல குறி வெச்சுட்டு கைய தளர தொங்கவிட்டு அளக்கணும். டேப் தோல ஒட்டி இருக்கணும், சதைய அமுக்கக்கூடாது, இழுத்துப் பிடிச்சீங்கன்னா நல்லா இருக்கற குழந்தையும் டேப்ல கடுமையான குறைவு காட்டற சிவப்புப் பகுதில வந்துடும். 115 மில்லிமீட்டருக்கு கீழன்னா கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, உடனே அனுப்பணும், 115லேர்ந்து 125க்குள்ளன்னா மிதமான குறைவு. தங்கியிருக்கற வீட்டுக் குழந்தைங்க சம்மதிச்சா அவங்க கைலயே பழகுங்க.

அடுத்தது வயித்துப்போக்கு. ஓஆர்எஸ் பாக்கெட் கிடைக்கலன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணில தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கூடவே ஜிங்க் (துத்தநாக) மாத்திரை, தினம், பத்துலேர்ந்து பதினாலு நாள். போக்கு நின்ன உடனே அம்மாக்கள் ஜிங்க நிறுத்திடுவாங்க, அதனால ஏன் முழுசா குடுக்கணும்னு அந்த ஊர் மொழிலயே சொல்லப் பழகுங்க. என்னைக்குலேர்ந்து, எத்தனை தடவை, ரத்தம் போகுதா, பால் குடிக்குதா, கண்ணு உள்ள போயிருக்கா, இந்த அஞ்சு கேள்வியும் தூக்கத்துல எழுப்பினாலும் வரணும்.

மூட்டைமுடிச்சு:
ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனா ஹெல்த் சென்டர் உள்ள ஊர் கேக்கறதுல எனக்கு வேற கருத்து. பெரிய சென்டர் இருந்தா உங்கள அங்கயே உக்கார வெச்சு ரெஜிஸ்டர் எழுத வெச்சுடுவாங்க, ஊருக்குள்ள போகவே நேரம் கிடைக்காது, எனக்கு முன்னாடி போன ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு. கட்டடம் இருக்கான்னு கேக்காதீங்க, வாலண்டியர் வேணும்னு கேட்டது யாரு, எதுக்கு கேட்டாங்கன்னு கேளுங்க. தாய்மார் குழு கேட்டாங்களா, ஹெல்த் போஸ்ட் நர்ஸ் கேட்டாங்களா, இல்ல மேலேர்ந்து வந்த உத்தரவா? பதில்லயே அந்த ஊர் தெரிஞ்சுடும். தங்களோட சுகாதாரத்த திட்டமிடறதுல பங்கெடுக்க மக்களுக்கு உரிமையும் கடமையும் இருக்குன்னு 1978லயே ஆரம்ப சுகாதாரம் பத்தின சர்வதேச மாநாட்டோட அல்மா ஆட்டா பிரகடனத்துல எழுதி வெச்சிருக்காங்க, அத நான் முழு மனசா நம்பறேன். ஊர்க்காரங்க கேக்காத வேலைய நீங்க எவ்ளோ உழைச்சு செஞ்சாலும் நீங்க கிளம்பின மறுநாள் நின்னுடும்.

படிக்கறதுக்கு மொழிதான். போய் முதல் சில மாசம் வீடு வீடா உக்காந்து கேக்கறதுதான் வேலை, எந்த மாசம் காய்ச்சல் அதிகம், எந்த மாசம் வீட்ல தானியம் தீரும், தண்ணிக்கு யார் எவ்ளோ தூரம் நடக்கறாங்கன்னு அவங்க வாயாலயே கேட்டு ஊர்ப் படம் வரைய வெக்கணும். மலேரியா தடுப்பு மாத்திரையையும் நாள் தவறாம போடுங்க, டாக்ஸிசைக்ளின்னா மலேரியா பகுதிய விட்டு வெளிய வந்தப்புறமும் நாலு வாரம் தொடரணும்.

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் நன்றி. இன்டர்வியூ முடிஞ்சுது. தைராய்டு பத்தி சொன்னேன், அவர் குறிச்சுக்கிட்டு மெடிக்கல் ஆபீசர்ட்ட பேசறேன்னார். யாரு கேட்டாங்கன்னும் கேட்டேன், ரெண்டு ஊர் யோசனைல இருக்காம், ஒண்ணுல தாய்மார் குழுவே கேட்டிருக்காங்க ஆனா வீட்டுக்குக் கதவு இன்னும் மாட்டல, அதனாலதான் இழுக்குதாம். எனக்கு அந்த ஊர்தான் வேணும், காத்திருக்கேன்னு சொல்லிட்டேன். சிஸ்டர், டேப் அளக்கறப்போ குழந்தை கைய உதறி அழுதா அளவு மாறுதே, அதுக்கு என்ன பண்ணுவீங்க?

வார்டு_சிஸ்டர்:
அம்மா மடிலயே உக்கார வைங்கம்மா, டேப்ப முதல்ல அது கைல குடுத்து விளையாட விடுங்க. அப்பவும் உதறினா விட்டுட்டு அம்மாட்ட பேசிட்டிருங்க, குழந்தை அடங்கினப்புறம் ரெண்டு தடவை அளங்க. ரெண்டும் ஒத்துவந்தா மட்டும் எழுதுங்க.